பால் திரியும், அப்பளம் நமுக்கும்: எழுத்துக்கு உயிருள்ள சொல் தேடும் வழி

சமையலறையில் ஒரு பொருள் வீணானால் நம் வீடுகளில் ‘கெட்டுப்போச்சு’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதில்லை. பால் திரிந்துவிடும். சாம்பார் ஊசிப்போகும். தயிர் புளித்துவிடும். அப்பளம் நமுத்துப்போகும். பருப்பு உளுத்துப்போகும். ஊறுகாயில் பூசணம் பூக்கும். பழைய முறுக்கில் சிக்கு வாடை அடிக்கும். வெண்டைக்காய் முற்றிவிடும், வாழைப்பழம் அளிந்துபோகும், முட்டை கூழ்முட்டையாகிவிடும். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கூடப் பால் நமுத்தது என்றோ அப்பளம் திரிந்தது என்றோ வாய் தவறியும் சொல்லமாட்டார்.

அதே வீட்டுப் பிள்ளை பேனாவை எடுத்ததும் ‘உணவு கெட்டுப்போனது’ என்று எழுதுகிறது. ஏன் இப்படி ஆகிறது என்பதுதான் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தும் கேள்வி. புதிதாக எழுத வருபவர்கள் தரும் கதைகளையும் கட்டுரைகளையும் உட்கார்ந்து படித்துத் திருத்தித் தருகிறேன். அவர்களிடம் சொல் இல்லாமல் இல்லை. எழுத்துக்கென்று தனியாக ஒரு தமிழ் உண்டு, அதில் வீட்டுச் சொல்லுக்கு இடமில்லை என்ற எண்ணம் எங்கோ பதிந்துவிட்டது. ‘கொஞ்சம் உயிரோட்டமாக எழுதுங்கள்’ என்று சொன்னால், உடனே சூரியனை ஆதவன் ஆக்குவார்கள், நிலவை வெண்மதி ஆக்குவார்கள். அது அலங்காரம். நான் கேட்பது சரியான சொல்லை. அந்தப் பொருளோடு தினமும் புழங்குகிறவர் அதற்கு வைத்திருக்கும் சொல்லை.

சரி, வேலையைத் தொடங்குவோம். வெறுமனே விதி சொல்வதைவிட ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு திருத்திப் பார்ப்பது நல்லது. இதுதான் நம் பத்தி:

‘அன்று காலை மிகவும் பலத்த மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டி சமையலறையில் மிகவும் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தார். கொல்லையில் இருந்த மரம் ஒன்று காற்றில் பலமாக ஆடியது. முந்தைய நாள் வைத்திருந்த உணவு கெட்டுப்போனதால் அவர் மிகுந்த வருத்தம் அடைந்தார். நான் அவரை அன்போடு பார்த்தேன்.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படித்து முடித்து அரை மணி கழித்து இதில் எது நினைவில் நிற்கும்?

முதலில் தட்டையாகவே எழுதி முடியுங்கள்

மேலே உள்ள பத்தி மோசம் என்று நான் சொல்லவில்லை. முதல் எழுத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் வரும், வரட்டும். எழுதும்போதே நல்ல சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தால் கதை நகராது. வாய்க்கு வந்த சொல்லில் முழுப் பக்கத்தையும் எழுதிவிடுங்கள். ஒரு நாள் ஆறவிடுங்கள். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து மூன்று வகைச் சொற்களின் கீழே கோடு போடுங்கள்: அளவைக் கூட்டிச் சொல்பவை (மிகவும், மிகுந்த, பலத்த, பயங்கர), எதற்கும் பொருந்தும் பொதுப்பெயர்கள் (மரம், பூ, உணவு, வேலை), செய், அடை, ஏற்படு, மேற்கொள் என்று முடியும் வினைகள். நம் ஐந்து வரிப் பத்தியிலேயே ஏறக்குறைய பத்துக் கோடுகள் விழும்.

‘மிகவும்’ என்ற சொல்லுக்கு ஓய்வு கொடுங்கள்

மிகுதியைச் சொல்லத் தமிழில் ஒரு காலத்தில் சொற்கள் வரிசையாக இருந்தன. உறு, தவ, நனி என மூன்றைத் தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. இன்று ‘சாலச் சிறந்தது’, ‘கழிபேரிரக்கம்’ போன்ற சில தொடர்களில் மட்டும் அவை மிஞ்சியிருக்கின்றன. ஆறு பேர் பார்த்த வேலையை ‘மிகவும்’ ஒற்றை ஆளாகப் பார்க்கிறது. அதனால்தான் அது களைத்துக் கிடக்கிறது. பக்கத்துக்கு எட்டு முறை வந்தால் வாசகரின் கண் அதன்மேல் நிற்பதே இல்லை.

பழைய சொற்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ‘நனி அழகு’ என்று இன்றைய கதையில் எழுதினால் உடனே உறுத்தும். செய்யவேண்டியது வேறு. ‘மிகவும்’ எந்தச் சொல்லின் முன்னால் நிற்கிறதோ அந்தச் சொல் பலவீனமானது என்று அடையாளம் காட்டுகிறது. அந்தச் சொல்லை மாற்றுங்கள், ‘மிகவும்’ தானாக விழுந்துவிடும். மிகவும் சூடான காபி என்றால் நாக்கைப் பொசுக்கும் காபி. மிகவும் ஒல்லியான பையன் என்றால் ஒருவேளை நோஞ்சான், ஒருவேளை ஒடிசல், ஒருவேளை வெறும் எலும்பும் தோலும். மூன்றும் வெவ்வேறு பையன்கள். ஒடிசலாக இருப்பவன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்கலாம். நோஞ்சானைப் பார்த்தால் அவன் அம்மா கவலைப்படுவாள். இப்படி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் பாத்திரத்தை நீங்கள் இன்னும் தெளிவாகப் பார்க்கிறீர்கள். எழுத்தை அழகாக்குவதைவிட இந்தப் பயன் பெரியது என்று நினைக்கிறேன்.

நம் பத்தியில் ‘மிகவும் பலத்த மழை’ என்று இருக்கிறது. என்ன மழை? தூறல் விழும். சாரல் அடிக்கும், ஆனி ஆடியில் குற்றாலத்துக்குப் போனவர்களுக்குச் சாரல் என்றதுமே முகத்தில் ஈரம் படும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொள்ளும், நாள் கணக்கில் விடாது. கோடை மழை இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் வெறித்துவிடும். காற்று அடித்து வீட்டுக்குள் தெறிக்கும் துளிதான் தூவானம், மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நாம் சொல்வது அதைத்தான். உங்கள் கதையில் எந்த மாதம், எந்த ஊர் என்று தீர்மானித்தால் மழைக்கான சொல் தானாக வந்துவிடும்.

பொருளுக்கு அதன் பெயரைக் கொடுங்கள்

‘மரம் ஒன்று’ என்பதை வாசகர் பார்க்க முடியாது. முருங்கை என்றால் பார்க்கலாம். அதிலும் ஒரு வசதி உண்டு: முருங்கைக் கிளை சட்டென்று முறியும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேம்பு என்றால் நிழல், புளி என்றால் இருட்டு, பூவரசு என்றால் பீப்பி செய்த சின்ன வயது. மரத்தின் பெயரோடு இதெல்லாம் செலவில்லாமல் கூடவே வருகிறது.

பெயர் கொடுப்பதில் தமிழ் அள்ளித் தருகிற மொழி. இலையிலேயே நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை. பிஞ்சிலே மாமரத்துக்கு வடு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். பூவிலே அரும்பு, மொட்டு, போது, மலர், உதிர்ந்தால் வீ, வாடினால் செம்மல். இதில் கவனமாக இருக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வடு, குரும்பை, மொட்டு, தோகை இன்றும் புழக்கத்தில் உள்ளவை. வீ, செம்மல் இரண்டும் பாடப் புத்தகத்தோடு நின்றுவிட்டன. ‘வாசலில் வீ கிடந்தது’ என்று எழுதினால் வாசகர் பூவைப் பார்க்கமாட்டார், சொல்லைப் பார்த்துத் திகைத்து நிற்பார். ‘பவழமல்லி உதிர்ந்து கிடந்தது’ என்றால் போதும். வாசகரைப் பொருளிடம் கூட்டிப்போகும் சொல்தான் உயிருள்ள சொல். தன்னைப் பார்க்கச் சொல்லி வழியில் நிறுத்தும் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அளவுச் சொற்களும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘கொஞ்சம் பூ வாங்கினாள்’ என்பதைவிட ‘இரண்டு முழம் கதம்பம் வாங்கினாள்’ என்பதில் கடைக்காரரின் கைகூடத் தெரிகிறது. கீரைக்குக் கட்டு, வெற்றிலைக்குக் கவுளி, வாழைக்குத் தாரும் சீப்பும். காங்கேயம் பக்கம் மாட்டைப் பற்றி எழுதுகிறீர்களா? ‘சாம்பல் நிற மாடு’ என்று எழுதாதீர்கள், அது மயிலை. கறுத்தது காரி, சிவந்தது செவலை.

ஆனால் எல்லாப் பொருளுக்கும் பெயர் வைத்துக்கொண்டே போகக் கூடாது. ஓடிப்போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்ப்பவனுக்கு மரங்கள் வெறும் மரங்கள்தான். அவன் விவசாயியாக இருந்தால் மட்டும் அது கருவேலமா வெள்வேலமா என்று பார்ப்பான். பாத்திரத்தின் கண் எங்கே நிற்குமோ அங்கே பெயர் கொடுங்கள், மற்ற இடங்களில் மரம் மரமாகவே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுத்து என்றால் தூய தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று டீக்கடையைத் தேநீர் நிலையம் ஆக்குகிறார்கள். தூய தமிழில் எனக்கும் பற்று உண்டு. என்றாலும் தேநீர் நிலையம் என்றதும் என் மனத்தில் ஒரு பலகைதான் தோன்றுகிறது, கடை தோன்றவில்லை. டீக்கடை என்றால் பாய்லர், கண்ணாடி கிளாஸ், கையை உயர்த்தி ஆற்றும் மாஸ்டர், நனைந்த பெஞ்சு எல்லாம் வந்து நிற்கின்றன. இறக்குமதிச் சொல்லாக இருந்தாலும் மக்கள் வாயில் ஊறிவிட்டால் அதுவே அந்தப் பொருளின் பெயர்.

வினைச்சொல்லில்தான் பெரும்பாதி வேலை

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் ஒட்டு வினைகளைப் பிரித்து எறியுங்கள். முயற்சி செய்தான் என்பதற்கு முயன்றான். வருத்தம் அடைந்தாள் என்பதற்கு வருந்தினாள். ஆய்வை மேற்கொண்டார் என்பதற்கு ஆராய்ந்தார். மாற்றத்தை ஏற்படுத்தியது என்பதற்கு மாற்றியது. ‘குளம் வறண்ட நிலையில் காணப்படுகிறது’ என்று செய்தியில் வாசித்து வாசித்து நமக்கும் பழகிவிட்டது. ‘குளம் வறண்டு கிடக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். கிடக்கிறது என்ற ஒரு சொல்லில் குளத்தைக் கவனிக்க ஆளில்லை என்பதும் சேர்ந்து வந்துவிட்டது.

அடுத்து, பொது வினையை அந்த வேலைக்கே உரிய வினையாக மாற்றுங்கள். ‘வெட்டினாள்’ என்ற ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். காயை அரிவார்கள் அல்லது நறுக்குவார்கள். கீரையை ஆய்வார்கள். தேங்காயைத் துருவுவார்கள். இஞ்சியின் தோலைச் சீவுவார்கள். கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுவார்கள். கதிரை அறுப்பார்கள். விறகைப் பிளப்பார்கள். பாளையைச் சீவுவார்கள். பூ கட்டுவதும் இப்படித்தான்: நாரில் என்றால் தொடுப்பது அல்லது கட்டுவது, ஊசியில் என்றால் கோப்பது. ஒரே முறத்தை வைத்துக்கொண்டு நம் பெண்கள் செய்த வேலைகளுக்கு எத்தனை சொற்கள் என்று பாருங்கள்: பதர் பறக்கப் புடைப்பார்கள், கல் பிரிய நாவுவார்கள், தெள்ளுவார்கள், கொழிப்பார்கள். முறம் வீட்டை விட்டுப் போனதும் இந்தச் சொற்களும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. உங்கள் கதையில் ஒரு கிழவி முறத்தோடு வந்தால் தயவுசெய்து அவளை ‘அரிசியைச் சுத்தம் செய்தாள்’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

உணர்ச்சி வினைகளில் வேறுபாடு இன்னும் நுட்பமானது. அழுவதில், குழந்தை சிணுங்கும். அடி வாங்கிய பிள்ளை அழுது ஓய்ந்த பிறகும் தேம்பிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியக் கூடாதென்று அழுபவள் விசும்புவாள். அடக்க முடியாமல் நெஞ்சு ஏறி இறங்க விம்முவார்கள். பிணத்தைக் கண்டதும் கதறுவார்கள். ‘சோகமாக அழுதாள்’ என்ற இரண்டு சொல்லில் இல்லாத காட்சி ‘விசும்பினாள்’ என்ற ஒன்றில் இருக்கிறது: பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேட்கக் கூடாது.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருபொருட் சொற்களின் பட்டியலைப் பார்த்து ஒன்றை உருவிப் போட்டால் தவறாகிவிடும். மகிழ்ச்சி, உவகை, களிப்பு, பூரிப்பு, குதூகலம் எல்லாம் பட்டியலில் ஒரே வரியில் இருக்கும். ஆனால் மகள் பட்டம் வாங்கும்போது தாய்க்கு வருவது பூரிப்பு. அங்கே குதூகலம் பொருந்தாது. குதூகலம் பள்ளிக்கூடம் திடீரென்று விடுமுறை விட்டதும் பிள்ளைகளுக்கு வருவது. களிப்பில் கொஞ்சம் மயக்கம் கலந்திருக்கிறது. ஒரு சொல்லை இதுவரை யார் வாயிலும் நீங்கள் கேட்டதில்லை, எழுத்திலும் நான்கைந்து இடங்களில் பார்த்ததில்லை என்றால் அதை உடனே பயன்படுத்த வேண்டாம். முதலில் பழகுங்கள்.

தமிழ் எழுதுபவருக்கு இன்னொரு கருவியும் கையில் இருக்கிறது. துணைவினை. கண்ணாடி உடைந்தது என்பது செய்தி. உடைந்துவிட்டது என்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. உடைந்துபோயிற்று என்றால் ஓர் இழப்பு. உடைத்துப்போட்டான் என்றால் அவனுக்கு அக்கறை இல்லை. உடைத்துத் தொலைத்தான் என்றால் சொல்பவருக்குக் கோபம். உடைத்து வைத்திருக்கிறான் என்றால் வீட்டுக்கு வந்து பார்த்த அம்மாவின் குரலே கேட்கிறது. ஓர் உரிச்சொல்லும் சேர்க்காமல், யாரையும் ‘கோபமாக’, ‘வருத்தமாக’ என்று வர்ணிக்காமல், வினையின் வாலில் மனநிலையை ஏற்றிவிடலாம். பேச்சில் நாம் எல்லோரும் இதில் தேர்ந்தவர்கள். எழுதும்போது மட்டும் எல்லா வினையையும் மொட்டையாக ‘-ஆர்கள்’ போட்டு முடிக்கிறோம்.

விகுதியையும் பாருங்கள். ‘பாட்டி வந்தார்’, ‘பாட்டி வந்தாள்’. மரியாதைக் குறைவு என்று பயந்து பலர் ‘ஆர்’ போடுகிறார்கள். உங்கள் வீட்டில் பாட்டியை எப்படிப் பேசுவீர்களோ அதுதான் கதைக்கும் சரி. மடியில் படுத்து வளர்ந்த பேரன் சொல்லும் கதையில் ‘வந்தாள்’ என்பதில்தான் பாசம் தெரிகிறது. ஊர்ப் பெரியவரைச் சொல்லும்போது ‘ஆர்’ இல்லாவிட்டால் அது வேறு பொருள் தந்துவிடும்.

காதுக்கும் தோலுக்கும்

இரட்டைக்கிளவியைப் பள்ளியில் இலக்கணக் கேள்விக்காகப் படித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டோம். பிரித்தால் பொருள் தராது, சேர்ந்தே நிற்கும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. அதன் பலம் ஒலியில் மட்டும் இல்லை. தொடுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொற்களில் பெரும்பாலானவை இந்த வடிவில்தான் இருக்கின்றன: வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு, நறநற, நசநச. வியர்த்த சட்டை முதுகில் ஒட்டுவதைப் பிசுபிசுப்பு என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் தேய்ந்துபோன சேர்க்கைகளைத் தவிருங்கள். ஓடை சலசலக்கும், கொலுசு கலகலக்கும், நட்சத்திரம் மினுமினுக்கும் என்று எழுதினால் வாசகர் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். அதே சலசலப்பைப் பனையோலைக்குக் கொடுத்துப் பாருங்கள், வகுப்பறையின் பின்வரிசைக்குக் கொடுத்துப் பாருங்கள், மறுபடி காது திறக்கும். ஒரு பத்திக்கு ஒன்று போதும், இரண்டு வந்தால் குழந்தைப் பாட்டு ஆகிவிடும்.

வாசனைக்கும் இதே கவனம். மிளகாய் வறுத்தால் நெடி. மீன் கழுவிய இடத்தில் கவிச்சி. அடிப்பிடித்த பாலில் தீய்ந்த வாடை. மல்லிகைக்கு மணம். ‘நல்ல வாசனை’, ‘கெட்ட வாசனை’ என்ற இரண்டே பெட்டிகளில் உலகத்தை அடைக்க வேண்டாம். நாற்றம் என்ற சொல் குறளில் மொட்டுக்குள் இருக்கும் நறுமணம். இன்று அது யாருக்கும் அப்படிக் கேட்காது. இப்போது அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

யார் பேசுகிறார்கள்?

ஒரு சாவை எத்தனை விதமாகச் சொல்கிறோம். இறந்தார் என்பது பதிவேடு. காலமானார் என்பது செய்தித்தாள், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. ‘அப்பா தவறிட்டார்’ என்று போனில் மகன் சொல்வான். தொண்ணூறு வயதுக் கிழவர் நோயில் கிடந்து போனால் ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்பார்கள், அதில் ஒரு நிம்மதியும் இருக்கும். இஸ்லாமியர் வீட்டில் மவுத்தாகிவிட்டார். கிறிஸ்தவர் வீட்டு அறிவிப்பில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வில்லன் மட்டும் செத்தான். இந்தச் சொற்களில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் குடும்பமே மாறிவிடும்.

ஊரும் அப்படித்தான். ஈழத்தவர் கதைப்பார்கள், தமிழ்நாட்டவர் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு, ‘வடிவாப் பார்’ என்றால் நன்றாகக் கவனித்துப் பார் என்று பொருள். கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டாரச் சொல்லைக் கடன் வாங்கி ஒட்டாதீர்கள். அந்த ஊர்க்காரர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் ஊர்ச் சொல்லையே முதலில் முழுதாக எடுத்துப் பயன்படுத்துங்கள். அதிலேயே பாதி இன்னும் எழுத்தில் ஏறாமல் கிடக்கும்.

சொல்லை எங்கே பிடிப்பது

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் குறிக்கலாம், எனக்குக் கையால் எழுதினால்தான் நிற்கிறது. தச்சர் வேலை செய்யும் இடத்தில் பத்து நிமிடம் நின்று, ‘இதுக்கு என்னண்ணே பேரு?’ என்று கேளுங்கள். மீன் சந்தையில், தறிக்கூடத்தில், மெக்கானிக் கடையில், உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். தன் தொழிலைப் பற்றி ஒருவர் ஆர்வமாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லோடு அது வந்த முழு வாக்கியத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தனிச் சொல்லாகக் குறித்தால் ஒரு மாதம் கழித்து அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாது.

அப்புறம் அகராதி. இன்று புழங்கும் எழுத்துத் தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் என் முதல் பரிந்துரை. 1992-இல் வந்தது, 2008-லும் 2020-லும் விரித்துத் திருத்தப்பட்டது. சொல்லோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால் ஒரு சொல் எந்தச் சூழலில் வரும் என்று தெரிந்துகொள்ளலாம். பழைய பொருளும் வேரும் வேண்டுமென்றால் 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. லட்சத்துக்கு மேல் சொற்கள் உள்ள அதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வட்டாரச் சொற்களுக்கு, கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வழக்குகளைத் தொகுத்தார். கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் தொகுத்த சொல்லகராதி இருக்கிறது.

ஒரு பொருளுக்கு உள்ள சொற்களை ஒரே இடத்தில் பார்க்க நம்மிடம் நிகண்டுகள் உண்டு. பழைய நிகண்டான திவாகரத்தில் பன்னிரண்டு தொகுதிகள்: மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகப் போகும், செயலுக்கும் ஒலிக்கும் தனித்தனித் தொகுதி வைத்திருக்கிறார்கள். நேராக எடுத்துக் கதையில் போடுவதற்கு அது உதவாது. ஆனால் ஒலிக்கென்றே ஒரு தொகுதி வைத்த மொழியில் எழுதுகிறோம் என்று தெரிந்த பிறகு, ‘சத்தம் கேட்டது’ என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கும்.

சும்மா விடவேண்டிய இடம்

எல்லாச் சொல்லையும் மாற்றினால் பக்கம் மூச்சுத் திணறும். உரையாடலில் ‘என்றான்’, ‘என்றாள்’ போதும். முழங்கினான், உறுமினான், கொக்கரித்தான் என்று மாற்றிக்கொண்டே போனால் பேச்சை விட்டுவிட்டு வாயைப் பார்க்க வைக்கிறீர்கள். பெரிய துயரம் நடக்கும் இடத்தில் சொல் எளிமையாகவே இருக்கட்டும். ஒரு பத்தியில் இரண்டு மூன்று சொற்கள் துலங்கினால் போதும், மற்றவை அவற்றைத் தாங்கி நிற்கும் சாதாரணச் சொற்கள்.

மாற்றிய பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அந்தச் சொல் இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை.

இனி நம் பத்திக்குத் திரும்புவோம். பாட்டி ‘வேலை’ செய்கிறாள் என்றால் என்ன வேலை? ‘வருத்தம் அடைந்தாள்’ என்றால் அவள் கை அப்போது என்ன செய்தது? பேரன் ‘அன்போடு’ பார்த்தான் என்று சொல்லவேண்டுமா, அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதாதா? இந்தக் கேள்விகளோடு நான் எழுதிப் பார்த்தது இது:

‘மூன்றாம் நாளாக அடைமழை. தூவானம் அடித்து அடுப்படி வரை ஈரம். பாட்டி குத்தவைத்து, நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள். கொல்லையில் முருங்கை ஒரு கிளையை முறித்துப் போட்டிருந்தது. முந்தைய நாள் எனக்கென்று எடுத்து வைத்திருந்த குழம்பைத் திறந்தாள். மோந்தாள். “ஊசிப்போச்சேடா” என்றாள். சட்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.’

மரம் முருங்கை ஆயிற்று, உணவு குழம்பு ஆயிற்று, வருத்தம் என்ற சொல் போய்விட்டது. ‘மிகவும்’ இரண்டும் காணோம். கடைசி இரண்டு வாக்கியங்களில் சிறப்பான சொல் ஒன்றுகூட இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஒரு சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. முதலில் ‘முகர்ந்து பார்த்தாள்’ என்று எழுதியிருந்தேன். எழுத்துத் தமிழுக்கு அதுதான் முறை. ஆனால் முகர்வது பூவை என்று காது சொல்கிறது. சட்டிக்குள் மூக்கை நுழைத்து இது தேறுமா என்று பார்ப்பதை எங்கள் வீட்டில் மோந்து பார்ப்பது என்றுதான் சொல்வார்கள். இப்போதைக்கு ‘மோந்தாள்’ இருக்கட்டும். நாளைக் காலை இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவேண்டும்.